ஆரஞ்சு வாசனை

சூப் ஊற்றுவதற்கு முன்னால் கிண்ணத்தை ஒரு நிமிடம் வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும். குளிர்ந்த கிண்ணத்தில் ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் ஆறிவிடும். எங்கள் மினசோட்டாவில் ஆறு மாதம் பனி. டாமராக் இல்லத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக நான் இதைச் செய்துவருகிறேன். பிள்ளைகள் யாரும் கவனித்ததில்லை. கவனிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அன்பு என்பது பெரும்பாலும் யார் கண்ணிலும் படாத சின்னக் காரியங்களில்தான் இருக்கிறது. கர்த்தர் பார்க்கிறார், அது போதும்.

இந்த விசாரணை அறையில் நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறீர்கள், மிஸ் டேல். காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். எங்கள் இல்லத்துப் பிள்ளை ஹாலி முகர்ந்த அந்த வாசனை உண்மையிலேயே இருந்ததா, இல்லையா? ஒரு வார்த்தையில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், பெரிய மருத்துவமனையில் டாக்டர் அதற்காகக் காத்திருக்கிறார், அவளுக்குக் கொடுக்கும் மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது என்கிறீர்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் ஒரு வார்த்தையில் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். பத்தொன்பது ஆண்டுகளாக எல்லோரும் என்னிடம் ஒரு வார்த்தையில்தான் பதில் கேட்டிருக்கிறார்கள். சாப்பிட்டாளா, தூங்கினாளா, குளித்தாளா. ஒரு தடவையாவது முழுதாகச் சொல்ல விடுங்கள்.

என் பெயர் வெர்னா லின்ட்குவிஸ்ட். வயது அறுபத்து மூன்று. இல்லத்தில் எனக்கு வீட்டுப் பொறுப்பாளர் என்று பெயர். சமையல், சலவை, பிள்ளைகளை எழுப்புவது, படுக்க வைப்பது, அழுதால் பக்கத்தில் உட்காருவது. பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வயது வரை பத்துப் பெண் பிள்ளைகள். ஒவ்வொருத்திக்கும் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் "உனக்கு என்ன கோளாறு?" என்று யாரும் கேட்பதில்லை. "உனக்கு என்ன நடந்தது?" என்றுதான் கேட்க வேண்டும். முதல் நாள் பயிற்சியிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல கேள்வி. நான் இன்றும் அதை நம்புகிறேன்.

நான் நம்பாதது வியாழக்கிழமைகளை. ஒவ்வொரு வியாழனும் காலை பத்து மணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வரும். எங்கள் ஆலோசகர் பெத்தனி எடுப்பாள். அந்தப் பக்கத்தில் பிள்ளையின் முகத்தையே பார்க்காத ஒருவர். இந்த வாரம் எத்தனை முறை அழுதாள், எத்தனை முறை ஒளிந்துகொண்டாள் என்று கேட்பார். நிறைய என்றால் இன்னும் பதினான்கு நாள் தங்கலாம். ஒன்றுமில்லை என்றால் குணமாகிவிட்டாள், வீட்டுக்கு அனுப்புங்கள். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு நன்றாக இருப்பதுதான். ஒருத்தி நான்கு வாரம் சிரித்துக்கொண்டே இருந்தாள், அனுப்பிவிட்டார்கள். ஆறே வாரத்தில் திரும்பி வந்தபோது அவள் மணிக்கட்டு என் இரண்டு விரல் வளையத்துக்குள் அடங்கியது. நான் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். "நல்ல கருத்து, வெர்னா" என்றார்கள். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். கூட்டத்தில் என் கருத்துகள் எல்லாமே நல்ல கருத்துகள்.

ஹாலி போன அக்டோபரில் வந்தாள். பதினைந்து வயது. வந்த அன்று கோட்டைக் கழற்றவே இல்லை, கோட்டோடுதான் சாப்பிட்டாள். அவள் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தேன், முதுகுக்குப் பின்னால் யாரும் வர முடியாதபடி. மறுநாள் கோட்டைக் கழற்றினாள். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாள் எழுதுவாள். பாதுகாப்புத் தாள் என்போம். எதைப் பார்த்தால், எதைக் கேட்டால், எதை முகர்ந்தால் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அப்படிப் போனால் யார் எப்படித் திரும்பக் கூட்டி வர வேண்டும். பிள்ளை தன் கையாலேயே எழுத வேண்டும். வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் அதைப் படித்துக் கீழே கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாடிக்குப் போகலாம். வேதாகமத்துக்கு அடுத்தபடியாக நான் மரியாதையோடு தொடுவது அந்தத் தாள்களைத்தான்.

ஹாலி அதை எழுதப் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டாள். பெத்தனி உட்கார்ந்து பார்த்தாள், நடக்கவில்லை. கடைசியில் சலவை அறையில், நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தபோது, அவளாகவே கேட்டாள்.

"எழுதினா எல்லாரும் படிப்பாங்களா, மிஸ் வெர்னா?"

"வேலை பாக்குறவங்க மட்டும், கண்ணு. உனக்கு ஆகாதது உன் பக்கத்துல வந்துடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

"சிரிப்பாங்க."

"எதுக்குச் சிரிக்கணும்?"

"சோப்புக்குப் பயப்படுறாளேன்னு."

நான் துண்டுகளைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அம்மாவோடு ஆறு வருஷம் இருந்த கர்ட் என்பவன் லாரி மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் கைக் கிரீஸ் போக ஒரு பசை தேய்த்துக் கழுவுவான். ஆரஞ்சு வாசனை, உள்ளே மணல் மாதிரி நறநறக்கும். அம்மா மாலை வேலைக்குப் போகும் நாட்களில் கையைக் கழுவிவிட்டுத்தான் இவள் அறைக்கு வருவான். அதனால் அந்த வாசனை முதலில் வரும், அப்புறம் அவன் வருவான். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பேனாவை வாங்கி ஒரு வரி எழுதினாள். அந்த வரியை எழுதும்போது இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் குழந்தைகள் இல்லை, மிஸ் டேல். யாரும் அப்படி என் விரலைப் பிடித்ததில்லை.

கர்ட் இப்போது சிறையில் இருக்கிறான். அம்மா டான்யாவைப் பற்றி நீங்கள் நல்லவிதமாக எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நானும் அவளைக் குறை சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவாள். முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுச் சீருடையோடு வருவாள். கையில் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய டோனட் பெட்டி. வருகைப் பதிவேடு என் பொறுப்பு.

"என்ன மிஸ் வெர்னா, இன்னிக்கும் ஏழு நிமிஷம் லேட்டுன்னு எழுதிட்டீங்களா?"

"எட்டு," என்றேன்.

"அடடா, ஒரு நிமிஷத்த டோனட்டுக்குக் கழிச்சுக்கக் கூடாதா?" என்று சிரித்தாள். ஹாலியும் சிரித்தாள். எட்டு நிமிடம் ஒரு பிள்ளை ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்ததில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு ஞாயிறு போனில் ஒரு படம் காட்டினாள். புது வாடகை வீட்டில் ஹாலியின் அறை. பச்சைப் பெயின்ட், அவளே அடித்ததாம். கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

"உள்ள மட்டுந்தான் தாழ்ப்பா. வெளிய பிடியே கிடையாது, கழட்டிட்டேன். நீ தொறந்தாத்தான் நான்கூட வர முடியும். சரியா, வாலு?"

ஹாலி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். நான் பதிவேட்டில், பிள்ளையின் அறைக்கு உள்தாழ்ப்பாள், ஆபத்து, என்று எழுதினேன். பெத்தனி அதைப் படித்துவிட்டு, "இல்ல வெர்னா, அது ரொம்ப அழகான விஷயம்," என்றாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது.

ஜனவரி இரண்டாம் வாரம் வீட்டுச் சூடேற்றும் இயந்திரம் பழுதானது. சரிசெய்ய வந்தவர் வேலை முடித்துச் சலவை அறையில் கை கழுவினார். அவர் கொண்டுவந்த ஆரஞ்சுப் பசை டப்பாவைத் தொட்டிமேலேயே மறந்துவிட்டுப் போனார். அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டவர் இல்லை, அவர்மேல் தவறில்லை. ஹாலி தன் துணியை எடுக்க உள்ளே போனாள். சத்தம் எதுவும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது துணி மடிக்கும் மேசைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. நான் டப்பாவை வெளியே பனியில் எறிந்துவிட்டு வந்து மேசைக்குக் கீழே புகுந்து உட்கார்ந்தேன். என் முழங்கால் உங்களுக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேதாகமத்திலிருந்து சங்கீதம் சொன்னேன். மெல்ல மெல்லத் திரும்பி வந்தாள். வந்ததும் முதலில் சொன்னது, "மிஸ் வெர்னா, போயிடாதீங்க."

மறுநாள் வியாழன். கம்பெனி பதினான்கு நாள் கொடுத்தது. அதற்கு முந்தைய வாரம் வரை, பிள்ளை தேறிவிட்டாள், இனி எதற்கு என்று பெத்தனியோடு மல்லுக்கு நின்றவர்கள். நான் அன்று சமையலறையில் நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். கெட்டதிலிருந்து நல்லதை எடுக்கத் தெரிந்தவர் அவர்.

பிப்ரவரியில் ஹாலி நன்றாகத் தேறினாள். இரண்டு சுற்றுச் சாப்பிட்டாள். அவள் அறையில் இருந்த ரெமியோடு சேர்ந்து கத்திப் பாட ஆரம்பித்தாள். ரெமியை நீங்கள் சந்தித்திருக்கிறீர்கள். பதினாறு வயது, வாய்த்துடுக்கு. "மிஸ் வெர்னா, உங்க சூப்புல உப்பு என்ன விரதமா?" என்று கேட்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். பொய்யும் சொல்வாள். அவள் கோப்பில் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. மார்ச் முதல் சனிக்கிழமை ஹாலி வீட்டுக்குப் போகலாம் என்று பெத்தனி தேதி குறித்தாள். ஹாலி சமையலறைக்கு ஓடி வந்து சொன்னாள். "மிஸ் வெர்னா, நான் போறேன்!" அவ்வளவு சந்தோஷம். என் கையில் இருந்த கரண்டியைக்கூடப் பார்க்கவில்லை, தன் பாட்டுக்கு ரெமியைத் தேடிப் போய்விட்டாள்.

எட்டு நிமிடம் தாமதமாக வருகிற, டோனட்டை இரவுச் சாப்பாடு என்று நினைக்கிற, ஆறு வருஷம் தன் வீட்டில் நடந்தது தெரியாமல் இருந்த ஒரு பெண்ணிடம் அந்தப் பிள்ளையை அனுப்புகிறார்கள். நான் பெத்தனியிடம் சொன்னேன். மேலாளரிடம் எழுதியே கொடுத்தேன். நல்ல கருத்து என்றார்கள். ஒரு வாரம் உபவாசம் இருந்து ஜெபித்தேன். நீங்கள் ஜெபிக்கிறவரா என்று தெரியாது. சில சமயம் பதில் வார்த்தையாக வராது, ஒரு எண்ணமாக வரும். பக்கத்து ஊர்க் கடையில் அதே பசையில் ஒரு டப்பா வாங்கினேன். எங்கள் ஊர்க் கடைக்காரருக்கு என்னைத் தெரியும்.

ஒரு பட்டாணி அளவு. அதற்கு மேல் ஒருபோதும் இல்லை. சலவை அறைக் குழாயின் பின்பக்கம், புதன்கிழமை மத்தியானம். அவள் உள்ளே போன பிறகு கதவுக்கு வெளியே பத்து எண்ணுவேன். அதற்கு மேல் அவளைத் தனியாக விட்டதில்லை. பிறகு உள்ளே போய், முதலில் வினிகர்த் துணியால் குழாயைத் துடைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, மேசைக்குக் கீழே அவளோடு உட்காருவேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். யாராவது ஒருவர் அவளைத் திரும்பக் கூட்டி வர வேண்டும் அல்லவா? அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தாளிலேயே அவள் எழுதியிருக்கிறாள்: மிஸ் வெர்னாவைக் கூப்பிடுங்கள்.

மார்ச் சனிக்கிழமை தள்ளிப்போனது.

அந்த முதல் முறை அவள் தெளிந்து எழுந்ததும், "இங்க அந்த வாசனை அடிச்சுது," என்றாள். நான் இதை முன்கூட்டி யோசிக்கவில்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். என் வாயில் தானாக வந்தது. "எனக்கு ஒண்ணும் அடிக்கலையே, கண்ணு," என்றேன்.

அவள் என்னை நம்பினாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், இதில் என் தவறு மட்டும் இல்லை. பெத்தனி கேட்டாள், மனநல டாக்டர் ஸ்வீன் கணினித் திரையில் வந்து கேட்டார், மேலாளர் கேட்டார். எல்லோரும் ஹாலியிடம்தான் கேட்டார்கள். உள்ளே என்ன ஞாபகம் வந்தது, உடம்பில் எங்கே உணர்ந்தாய், எந்த வயது ஹாலி பயந்தாள் என்று அன்பாக, பொறுமையாகக் கேட்டார்கள். ஒரு பிள்ளையின் பயம் பழைய காலத்திலிருந்துதான் வருகிறது என்று நம்பும்படி எங்கள் எல்லோருக்கும் பயிற்சி. இவ்வளவு படித்தவர்களில் ஒருவர்கூடக் குனிந்து குழாயை முகர்ந்து பார்க்கவில்லை. பெத்தனி மட்டும் ஒருமுறை, "உங்களுக்கு ஏதாவது வாசனை வந்துச்சா வெர்னா?" என்றாள். வினிகர் வாசனை மட்டும் வந்தது என்றேன். அது பொய் இல்லை.

நான்கு முறை என்று காலையில் சொன்னேன். ஏழு. மார்ச்சிலிருந்து ஜூன் வரை, தேவைப்பட்டபோது மட்டும்.

மூன்றாவது முறைக்குப் பிறகு டாக்டர் ஸ்வீன், இல்லாத வாசனையை உணர்கிறாள் என்று எழுதி ஒரு மாத்திரை கொடுத்தார். ஐந்தாவதுக்குப் பிறகு இரண்டு. அவள் பாட்டு நின்றது. நாக்கு தடித்து வார்த்தை மெதுவாக வந்தது. பிற்பகலில் என்னோடு உட்கார்ந்து துண்டு மடிப்பாள். அமைதியான நேரம் அது. ஒரு நாள் மடித்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள்.

"இதுல என்ன வாசனை அடிக்குது, மிஸ் வெர்னா?"

"துவைச்ச வாசனை. வேற என்ன?"

"எனக்கும் அப்படித்தான் அடிக்குது. ஆனா அது நெஜமான்னு தெரியல." துண்டை மறுபடி மடித்தாள். "கர்ட் பண்ணினதும் இப்படித்தானோன்னு தோணுது. நானா கற்பனை பண்ணிக்கிட்டேனோ? அவன் ஜெயில்ல இருக்கான். ஒருவேள ஒண்ணுமே பண்ணாம இருக்கானோ?"

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். "அதெல்லாம் யோசிக்காத, செல்லம். நான் இருக்கேன்," என்றேன். அன்று அவளுக்கு ஆப்பிள் கேக் செய்துகொடுத்தேன். கொஞ்சம் தின்றாள்.

ஆறாவது முறை ரெமி குறுக்கே வந்துவிட்டாள். நான் எண்ணி முடிப்பதற்குள் சாக்ஸோடு வழுக்கிக்கொண்டே சலவை அறைக்குள் ஓடினாள். எதையோ தேடி வந்தவள். நான் உள்ளே போனபோது அவள் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டிருந்தாள்.

"ஏய் ஹாலி. எனக்கும் அடிக்குது. கராஜ் நாத்தம், ஆரஞ்சு போட்ட கராஜ். கேக்குதா? நீ ஒண்ணும் லூசு இல்ல. அப்படியே இருந்தாலும் நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் லூசு."

சொல்லிவிட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அவளைத் தொடவில்லை, ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்து, "அடிக்குது, அடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல ஹாலியின் கையைப் பிடிக்கப் போனேன். ஹாலி ஐந்தே நிமிடத்தில் தானாக மேசையை விட்டு வெளியே வந்தாள். என் கை தேவைப்படவில்லை. ரெமியின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. பொய்யான ஆறுதல் ஒரு பிள்ளையை எவ்வளவு கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். குழாயைத் துடைத்தேன். பதிவேட்டில், ரெமி பொய் சொல்லி ஹாலியின் மனக் குழப்பத்தை வளர்க்கிறாள் என்று எழுதினேன். இருவரையும் தனித்தனி அறைக்கு மாற்றினார்கள். அந்த வார ஏரிப் பயணம் ரெமிக்கு இல்லை என்றானது.

"நான் பொய் சொல்லலைங்க," என்றாள் ரெமி பெத்தனியிடம். "நெறைய சொல்லியிருக்கேன், ஒத்துக்கறேன். இது அந்த லிஸ்ட்ல இல்ல."

பெத்தனி என்னைப் பார்த்தாள். நம்ப வேண்டாம் என்று நான் தலையை மட்டும் அசைத்தேன்.

ஏழாவதைப் பற்றிச் சொல்கிறேன். அதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறீர்கள். ஜூன் கடைசியில் மறுபடி தேதி குறித்தார்கள். மாத்திரையோடே வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்போம், அம்மாவின் பக்கத்தில் இருந்தால் தேறலாம் என்று பெத்தனி சண்டை போட்டு வாங்கிய தேதி. அந்தப் புதன் நான் பட்டாணி அளவு வைத்தேன், சத்தியமாக அதே அளவுதான். ஹாலி உள்ளே போனாள். இந்த முறை மேசைக்குக் கீழே போகவில்லை. குழாய்க்கு முன்னால் நின்று மூக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "இல்ல, இல்ல, இல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பயத்தில் சொல்லவில்லை. தன்னைத்தானே திருத்திக்கொண்டிருந்தாள், நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொடுத்தபடி. நான் கூப்பிட்டேன். என்னைப் பார்த்து, "நீங்களாவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். இருக்கேன் என்றேன். அவள் தலையாட்டவில்லை.

அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. சாப்பாட்டின் வாசனை நிஜமா என்று தெரியாததால் வாயில் வைக்க மாட்டாள். நான் வைத்த சூப்பைக்கூட. பத்தாம் நாள் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பூட்டிய வார்டு, முந்நூறு மைல். டான்யா கையெழுத்துப் போட்டபோது பேனா தாளைக் கிழித்துவிட்டது. அன்று அவள் சரியான நேரத்துக்கு வந்திருந்தாள். உண்மையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து காரில் உட்கார்ந்திருந்தாள், அதையும் நான் பதிவேட்டில் எழுதினேன். நான் நியாயமாகத்தான் எழுதுகிறவள்.

மற்றது உங்களுக்கே தெரியும். ரெமி அந்த ஆறாம் நாளில் நான் வருவதற்கு முன்பே தன் சாக்ஸைக் கழற்றிக் குழாயின் பின்பக்கம் துடைத்து எடுத்து, பிறகு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஒட்டி, தலையணை உறைக்குள் வைத்திருந்தாளாம். யாரிடம் கொடுத்தாலும் அவள் பேச்சு எடுபடாது. ஹாலியின் மிச்சத் துணிகளை வாங்கிப்போக டான்யா வந்தபோது அவள் கையில் கொடுத்திருக்கிறாள். டான்யா வாகன நிறுத்தத்தில் பையைத் திறந்து முகர்ந்தாள். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆறு வருஷம் கர்ட்டின் துணியைத் துவைத்தவள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள், நன்றிகூடச் சொன்னாள், பாவம். அப்போது அவளுக்கு அதை வைத்தது யார் என்று தெரியாது.

டப்பாவை என் கார் டிக்கியில் எடுத்தீர்கள். அதனால் என்னை என்ன செய்வீர்கள் என்பது உங்கள் வேலை, அதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் நான் எழுதித் தராவிட்டால் மருத்துவமனை டாக்டருக்கு இது வெறும் சந்தேகம்தான். ஒரு சாக்ஸும், பொய் சொல்லும் பிள்ளையின் பேச்சும். ஏழு முறையும் நிஜம் என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். நான் சொன்னால்தான் ஹாலி தன் மூக்கை நம்பலாம், தன் ஞாபகத்தை நம்பலாம், தட்டில் இருப்பதை எடுத்து வாயில் வைக்கலாம். இதை நீங்கள் எனக்கு விளக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்பது எனக்கு எப்போதுமே மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்திருக்கிறது. இவ்வளவு நேரம் உங்களைக் காக்க வைத்ததுகூட, யாராவது ஒருவர் முழுதாகக் கேட்ட பிறகு சொல்லலாம் என்றுதான்.

தாளைக் கொடுங்கள். ஆம். வாசனை இருந்தது. ஏழு முறையும் இருந்தது. வைத்தவள் நான், துடைத்தவள் நான், இல்லை என்று சொன்னவளும் நான். ஹாலி முகர்ந்தது அத்தனையும் உண்மை. வெர்னா லின்ட்குவிஸ்ட். தேதியையும் போட்டுவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம், மிஸ் டேல். இதைக் கேட்டதும் பிள்ளை ஆடிப்போய்விடுவாள். நம்பிய ஒருவர் இப்படிச் செய்தார் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் உடைந்துதான் போகும். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று டான்யாவுக்குத் தெரியாது. நேராக அவள் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், முதலில் கொஞ்ச நாள் எங்கள் இல்லத்திலேயே இருக்கட்டும். மாடியில் அவள் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. காலையில் இங்கே கிளம்புவதற்கு முன்தான் புது விரிப்பு போட்டுவிட்டு வந்தேன்.